கரடி வாழும் காட்டில் முதன்முறை கூடாரம் அடிக்கப் போகிறவர்களுக்கு

2007 ஜூன் 17, விடிகாலை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அமெரிக்கன் ஃபோர்க் பள்ளத்தாக்கின் ஒரு காட்டோர முகாமிடத்தில், கருங்கரடி ஒன்று கூடாரத்தைக் கிழித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவரைத் தாக்கியது. அவர் தப்பினார், அதிகாரிகளுக்குத் தகவலும் போயிற்று. மாநில வனவிலங்குத் துறையினர் நாய்களைக் கொண்டு பல மணி நேரம் தேடினார்கள், கரடி அகப்படவில்லை. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டார்கள். மாலையில் வேறொரு குடும்பம் அதே இடத்துக்கு வந்து கூடாரம் அடித்தது. காலையில் அங்கே என்ன நடந்தது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை, பாதை அடைக்கப்படவுமில்லை. அன்றிரவு கரடி திரும்பி வந்து, அக்குடும்பத்தின் 11 வயதுச் சிறுவனைக் கூடாரத்திலிருந்து இழுத்துச் சென்று கொன்றது.

பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 2011-ல் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி, அந்த நிலத்தை நிர்வகித்த அமெரிக்க வனத்துறையின் மீது 65 விழுக்காடும், மாநில அரசின் மீது 25 விழுக்காடும், குடும்பத்தின் மீது 10 விழுக்காடும் பொறுப்பைச் சுமத்தி, வனத்துறை 19.5 லட்சம் டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தார். குடும்பத்தின் மீது விழுந்த அந்த 10 விழுக்காட்டுக்குக் காரணம், கூடாரத்துக்குள் இருந்த ஒரு தின்பண்ட உறையும் ஒரு குளிர்பானக் கேனும்.

குழந்தைகளோடு முகாமுக்குப் போகிறவன் என்ற முறையில் இந்தத் தீர்ப்பை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். காட்டில் பாதுகாப்பு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைத்ததில்லை. நிலத்தை நடத்துகிறவர்கள் தெரிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நாம் கேட்கக் கடமைப்பட்டவர்கள். நம் கூடாரத்தில் கிடக்கும் ஓர் உறைகூடக் கணக்கில் வரும். இந்த வழிகாட்டி வட அமெரிக்கக் காடுகளுக்கு முதன்முறையாகக் கூடாரம் எடுத்துக்கொண்டு போகும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. டொரண்டோவிலிருந்து அல்கான்குவின் பூங்காவுக்குப் போனாலும், கலிஃபோர்னியாவில் யோசெமிட்டிக்குப் போனாலும், மொன்டானா, வயோமிங் பக்கம் போனாலும் அடிப்படை ஒன்றுதான். விதிகள்தான் இடத்துக்கு இடம் மாறும்.

பயத்தை அதன் அளவில் வைத்துக்கொள்ள ஓர் எண்ணிக்கை உதவும். யெல்லோஸ்டோன் பூங்கா 1872-ல் தொடங்கியது. அன்றுமுதல் பூங்காவுக்குள் கரடியால் கொல்லப்பட்டவர்கள் எட்டுப் பேர். அதே பூங்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் மூழ்கி இறந்தவர்கள் நூற்றுக்கு மேல். ஆகவே கரடிக்குப் பயந்து காட்டுக்கே போகாமலிருக்கத் தேவையில்லை. ஆனால் இந்த எட்டு என்ற எண் தானாகக் குறைவாக இருந்துவிடவில்லை. அதன் பின்னால் நீண்ட, வலி மிகுந்த ஒரு பாடம் இருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தப் பாடத்திலிருந்து வந்தவை.

கிளம்புமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில், போகுமிடத்தில் எந்தக் கரடி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அல்கான்குவின், யோசெமிட்டி, கிரேட் ஸ்மோக்கி மலைகள் ஆகியவற்றில் இருப்பது கருங்கரடி மட்டுமே. கலிஃபோர்னியாவின் கொடியில் கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடி இருந்தாலும், அந்த மாநிலத்தில் கடைசி கிரிஸ்லி 1920-களிலேயே மறைந்துவிட்டது. யெல்லோஸ்டோன், கிளேசியர், கனடாவின் பான்ஃப், ஜாஸ்பர் ஆகிய இடங்களில் இரண்டும் உண்டு. நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கருங்கரடி பழுப்பாகவும் இருக்கும், வெளிர்மஞ்சளாகவும் இருக்கும். தோளின்மேல் திமில் போல ஒரு மேடு, நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே குழிந்த முகம், குட்டையான வட்டக் காது, நீண்ட முன்நகங்கள் இருந்தால் அது கிரிஸ்லி. கருங்கரடிக்குத் திமில் இல்லை, முகம் நேராக இறங்கும், காது சற்று நீண்டு நிற்கும்.

அடுத்து, அந்தப் பூங்காவின் இணையதளத்தில் உணவு வைக்கும் விதியை வாசியுங்கள். சில முகாம்களில் துணிக்கூடாரத்துக்கே அனுமதி கிடையாது. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம் அப்படிப்பட்டது. கரடி நடமாட்டம் அதிகம் என்பதால் கெட்டியான சுவர்கொண்ட வண்டிவீடுகளை மட்டுமே அனுமதிக்கிறார்கள். யோசெமிட்டியின் உட்காட்டில், அதாவது கார் எட்டாத காட்டுப் பகுதியில், இரவு தங்குவதற்கு கரடியால் திறக்க முடியாத உணவு டப்பா கட்டாயம். அதைப் பூங்காவிலேயே வாடகைக்கு எடுக்கலாம். அதே யோசெமிட்டியில், பாய்ந்து வரும் கரடிமேல் அடிக்கும் காரத் தெளிப்பான பியர் ஸ்பிரே கொண்டுபோகத் தடை. யெல்லோஸ்டோனிலோ ஒவ்வொருவரும் அதை வைத்திருக்க வேண்டும் என்று பூங்காவினரே வற்புறுத்துகிறார்கள். ஓரிடத்தில் கற்றது இன்னோரிடத்தில் செல்லாது என்பதற்கு இதுவே போதுமான உதாரணம்.

தமிழ்ச் சங்கமாகவோ நண்பர் கூட்டமாகவோ பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து போகும் வழக்கம் நம்மிடம் நன்றாக வேரூன்றிவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் என் அனுபவத்தில் அதுவே மிகவும் கவனிக்க வேண்டிய முகாம். ஐம்பது பேர் சாப்பிட்ட இடத்தை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். ஆகவே கிளம்புவதற்கு முன்பே, ஒவ்வோர் இரவுக்கும் இரண்டு பெரியவர்களைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள். கடைசி அடுப்பு அணைந்தபின் விளக்கோடு முகாமை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உணவுப் பெட்டியின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பது அவர்கள் வேலை. மற்றவர்கள் சும்மா இருக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்ததும் கேளுங்கள்

வண்டியிலிருந்து கூடாரத்தை இறக்குமுன் ரேஞ்சர் அலுவலகத்துக்கோ முகாம் காப்பாளரிடமோ போங்கள். "கரடி இருக்கிறதா?" என்று கேட்டால், "இருக்கிறது, இது காடு" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலால் பயனில்லை. கேள்வியைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். இந்த வாரம் இந்த முகாமில் கரடி வந்ததா, எந்த மனையருகே (மனை என்பது ஒரு குடும்பத்துக்குக் கூடாரம் அடிக்க ஒதுக்கும் இடம்), எந்த நேரத்தில், உணவு எதுவும் எடுத்துச் சென்றதா, மனிதர்களை நெருங்கியதா, குட்டியோடு இருந்ததா, அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள், அருகில் எந்த நடைபாதையாவது மூடப்பட்டிருக்கிறதா. யூட்டாவில் அந்தக் குடும்பத்துக்கு இந்தத் தகவல்களில் ஒன்று கிடைத்திருந்தாலும் அவர்கள் வேறெங்காவது போயிருப்பார்கள். சொல்லும் கடமை அவர்களுடையது என்று நீதிமன்றமே சொன்னது; இருந்தாலும் கேட்பதற்கு நமக்குச் செலவு ஒன்றுமில்லை.

உணவு தின்றுவிட்ட கரடி, மனிதரை நெருங்கிவிட்ட கரடி என்று காப்பாளர் சொன்னால், அன்று அங்கே தங்காதீர்கள். முன்பதிவுப் பணம் போனால் போகட்டும். குழந்தைகளின் ஏமாற்றமும் ஒரு நாளில் தீர்ந்துவிடும்.

அதிகாரிகளின் பொறுப்புக்கும் சட்டத்தில் எல்லை உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1972-ல் யெல்லோஸ்டோனில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் அருகே அனுமதியில்லாத இடத்தில் தங்கி, உணவை வெளியே விட்டிருந்த ஓர் இளைஞர் கிரிஸ்லியால் கொல்லப்பட்டார். அவருடைய குடும்பம் தொடுத்த வழக்கில், 1975-ல் கீழ்நீதிமன்றம் பூங்காவைப் பொறுப்பாக்கியது. 1976-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. கரடிகள் தின்று பழகியிருந்த பூங்காவின் குப்பைமேடுகளை எவ்வளவு வேகமாக மூடுவது என்பதெல்லாம் நிர்வாகத்தின் கொள்கை முடிவு, அதற்காக வழக்காட முடியாது என்றது அத்தீர்ப்பு. யூட்டா வழக்கும் இந்த வழக்கும் ஒன்றல்ல. ஒன்றில், குறிப்பிட்ட ஓர் ஆபத்து அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தும் சொல்லப்படவில்லை. மற்றதில், விதியை மீறியவர் அபாயத்தைத் தானே அருகில் அழைத்துக்கொண்டார். எப்படியானாலும், நீதிமன்றம் எதைத் தரமுடியும், எதைத் திருப்பித் தரமுடியாது என்பது நாம் எல்லோரும் அறிந்ததே.

சமையலும் வாசனையும்

இதை நான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஆங்கில வழிகாட்டிகள் சாண்ட்விச்சையும் சாக்லேட்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் முகாமிலோ மட்டன் குழம்பு கொதிக்கும், கருவாடு வறுபடும், நெய்யில் முந்திரி சிவக்கும்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கோயில் விளக்கெண்ணெயைக் குடிக்கவும் கடைக்குள் புகவும் கரடி வருவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது வேறு இனக் கரடி; ஆனால் மூக்கு செய்யும் வேலை ஒன்றுதான். இலையுதிர் காலத்தில், குளிர்கால உறக்கத்துக்கு முன், கரடி நாளெல்லாம் தின்றுகொண்டே இருக்கும். காட்டுப் பழங்களைப் பொறுக்கித் தின்று வயிற்றை நிரப்புவதற்கு அதற்கு மணிக்கணக்கில் ஆகும். நம் குளிர்பெட்டி ஒன்று கிடைத்துவிட்டால் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இந்தக் கணக்கைக் கரடி ஒருமுறை கற்றுக்கொண்டால் மறக்காது.

சமைக்கும் இடமும் உணவு வைக்கும் இடமும் தூங்கும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். உட்காட்டு முகாமில் கூடாரத்திலிருந்து சுமார் 100 கெஜம், அதாவது 90 மீட்டர் தள்ளி, காற்று கூடாரத்தின் பக்கம் வீசாத திசையில் சமையலை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிறுத்தும் முகாம்களில் மனை சிறியது, இவ்வளவு தூரம் கிடைக்காது. அங்கே செய்யக்கூடியது, மேசையை விட்டு எந்த உணவும் அசையாமல் பார்த்துக்கொள்வதும், இருட்டுவதற்குள் சமைத்துக் கழுவி முடிப்பதும்தான். தாளிப்பையும் வறுவலையும் வீட்டிலேயே முடித்துவிட்டு, முகாமில் சோறு வடித்துச் சூடு காட்டிச் சாப்பிடுவது என்று எங்கள் வீட்டில் வழக்கமாக்கிக்கொண்டோம். புளிச்சோறும் தயிர்ச்சோறும் இருக்கும்போது காட்டில் மீன் வறுக்க வேண்டிய அவசியம் என்ன?

சமைத்தபின் அடுப்பின் எண்ணெய்த் தெறிப்பைத் துடையுங்கள். துடைத்த காகிதமும் குப்பைதான், உணவோடு சேர்த்துப் பூட்டப்பட வேண்டியது. பாத்திரம் கழுவிய தண்ணீரை அப்படியே மனையோரம் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தொட்டி இருந்தால் அதில் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் சல்லடையில் வடிகட்டி, பருக்கையையும் கறிவேப்பிலையையும் குப்பைப் பையில் போட்டுவிட்டு, நீரைக் கூடாரத்துக்கு வெகுதூரத்தில் தெளிக்க வேண்டும். எலும்பை நெருப்பில் எரித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்; அது எரியாது, வறுபடும், மணம் இன்னும் தூரம் போகும். மீந்த சோற்றைக் காக்கைக்கு வைப்பது நம் வீட்டுப் பண்பு. இந்தக் காட்டில் அதைச் செய்யக்கூடாது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் உணவை விட்டுவைப்பதற்கும் விலங்குக்கு ஊட்டுவதற்கும் 25,000 டாலர் வரை அபராதம் உண்டு.

வாசனையுள்ள எல்லாமே உணவுதான். முதலில் போகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில். பற்பசை, சோப்பு, உதட்டுக்குப் பூசும் களிம்பு, வெயில் காப்புக் களிம்பு, கொசு விரட்டி, தேங்காய் எண்ணெய்ப் புட்டி, தலைவலித் தைலம், குழந்தையின் பால்புட்டி, அழுக்கான டயப்பர், நாய்க்குத் தரும் தீனி, காலி ஊறுகாய் ஜாடி, திறக்காத டின்கள்கூட. இவை அனைத்தும் மனையில் கொடுத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். அந்தப் பெட்டியின் தாழ்ப்பாள் கரடியின் பாதம் நுழையாதபடி செய்யப்பட்டது. கையை உள்ளே விட்டு அழுத்தித் திறக்க வேண்டும். சும்மா சாத்தி வைத்த பெட்டி திறந்து கிடக்கும் பெட்டிக்குச் சமம். சமைக்கும்போதும்கூட, வேண்டிய பொருளை எடுத்த கையோடு பூட்டுங்கள்.

பெட்டி இல்லாத உட்காட்டில் கரடி டப்பாவையோ, அனுமதியிருந்தால் மரத்தில் கட்டித் தொங்கவிடும் பையையோ பயன்படுத்த வேண்டும். தொங்கவிடும் பை தரையிலிருந்து குறைந்தது 3 மீட்டர் உயரத்திலும் அடிமரத்திலிருந்து 1.2 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். சொல்வது எளிது, இருட்டில் பொருத்தமான கிளை தேடுவது எளிதல்ல. வெளிச்சம் இருக்கும்போதே கயிற்றைப் போட்டு வைத்துவிடுங்கள்.

காரை நம்பாதீர்கள். 1998-ல் யோசெமிட்டியில் கரடிகள் உணவு தேடிக் கார்களையும் முகாம்களையும் சூறையாடிய சம்பவங்கள் 1,500-க்கு மேல். கதவின் மேல்விளிம்பில் நகத்தை மாட்டி, சட்டத்தையே கீழே வளைத்துவிடும். இரும்புப் பெட்டிகள் வைத்து, இரவில் காரில் உணவு வைப்பதைத் தடைசெய்து, மக்களுக்கு வருடக்கணக்கில் எடுத்துச் சொன்னபின் அந்த எண்ணிக்கை மிகப் பெருமளவு குறைந்தது. குழந்தை இருக்கையின் மடிப்பில் கிடக்கும் பிஸ்கட் தூளையும் தட்டி எடுங்கள். குளிர்பெட்டி காலியாக இருந்தாலும் உள்ளே வையுங்கள். கரடி அதன் வடிவத்தையே கற்றுவைத்திருக்கிறது.

கூடாரத்துக்குள் போகுமுன்

எங்கள் மூத்த பெண்ணுக்கு ஏழு வயதாக இருந்தபோது, இரவு பல் துலக்கி, பெட்டியைப் பூட்டி, எல்லாம் முடித்துத் தூங்கப் போகும் நேரத்தில், அவள் ஸ்வெட்டர் பையில் ஏதோ கரகரத்தது. கையை விட்டுப் பார்த்தேன். பாதி தின்ற கடலை மிட்டாய், வெல்லம் இளகித் துணியின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது. பிய்த்தெடுத்தபோது நூலும் சேர்ந்து வந்தது. ஊரிலிருந்து பாட்டி அனுப்பியது, தம்பிக்குத் தெரியாமல் பத்திரப்படுத்தியிருக்கிறாள். ஸ்வெட்டரையும் சேர்த்துப் பெட்டிக்குள் போட்டேன். அவள் கொஞ்சம் அழுதாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு உண்டு: கூடாரத்தின் ஜிப்பைத் திறக்குமுன் எல்லோரும், அப்பா அம்மா உட்பட, எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்ட வேண்டும்.

சமைத்த உடையோடு தூங்காதீர்கள். தாளித்த மணம் பருத்தியில் விடியும்வரை இருக்கும். உறங்குவதற்கென்று தனி உடை வைத்துக்கொண்டு, சமைத்த உடையைப் பெட்டியிலோ டப்பாவிலோ வையுங்கள். கூடாரத்துக்குள் இருக்கலாம் என்று நான் சொல்லக்கூடியவை தண்ணீர், டார்ச், விசில், ஸ்பிரே அனுமதியுள்ள இடமானால் ஸ்பிரே, கார்ச் சாவி. சாவியின் அலார பொத்தான் இரவில் பெரிய உதவி. குழந்தைகளைத் தனிக் கூடாரத்தில் படுக்க வைக்காதீர்கள். இரவில் கழிப்பறைக்குப் போவதானால் பெரியவர் ஒருவர் உடன் போக வேண்டும்.

ஸ்பிரேயைப் பற்றி

பியர் ஸ்பிரே என்பது மிளகாயின் காரச்சத்தை அழுத்தத்தில் அடைத்த டப்பா. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை கரடிகளுக்கு எதிராக அது பயன்பட்ட சம்பவங்களை ஆராய்ந்து 2008-ல் வெளிவந்த ஆய்வில், நெருக்கமான எதிர்கொள்ளல்களில் ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பியிருந்தார்கள். மனிதர்மேல் அடிக்க விற்கும் சிறிய பெப்பர் ஸ்பிரே இதற்குப் பதிலாகாது.

மூட்டையின் அடியில் புதைத்து வைத்தால் அது இல்லாததற்குச் சமம். இடுப்பிலோ மார்புப் பட்டையிலோ, கை உடனே போகும் இடத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்புக் கொக்கியை எடுக்கவும் மாட்டவும் வீட்டிலேயே பலமுறை பழகுங்கள். கரடி பாய்ந்து வந்து சுமார் 10 மீட்டரை நெருங்கும்போது, சற்றுத் தாழ்வாகக் குறிவைத்து, உங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு மேகம் எழும்படி அடிக்க வேண்டும். கொசு மருந்து போலக் கூடாரத்தின் மேலும் குழந்தைகள் மேலும் அடித்துவைக்கும் தவறைச் சிலர் செய்திருக்கிறார்கள். அது தீங்கு, தவிர அந்த எச்சம் கரடியை வரவழைக்கவும் செய்யும். விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெரிய பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. போகுமிடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைத்தால் வெடிக்கக்கூடும்.

கரடி எதிரே நின்றால்

நடைபாதையில் பேசிக்கொண்டே போங்கள். வளைவிலும் ஓடைச் சத்தத்துக்கு அருகிலும் குரலை உயர்த்துங்கள். எந்த மொழி என்பது முக்கியமில்லை, மனிதக் குரல் கேட்டால் பெரும்பாலான கரடிகள் தாமாகவே விலகிவிடும். கடையில் விற்கும் மணிகள் இந்த வேலையைச் செய்யா. குழந்தைகள் நடுவில், பெரியவர்கள் முன்னும் பின்னும்.

தூரத்தில் கரடியைக் கண்டால் யெல்லோஸ்டோனில் 100 கெஜம், கனடாவின் தேசியப் பூங்காக்களில் 100 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. படம் எடுக்க நெருங்காதீர்கள். அருகில் கண்டுவிட்டால் ஓடக்கூடாது. அது மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஓடுகிறவரை விரட்டுவது அதன் இயல்பு. குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே, முகத்தைக் கரடியின் பக்கம் வைத்தபடி மெல்லப் பின்வாங்குங்கள், ஸ்பிரேயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டுத் தாக்கிவிட்டால் என்ன செய்வது என்பதில் கரடியின் இனத்தைவிட அதன் நோக்கம் முக்கியம். திடுக்கிட்ட கிரிஸ்லி, குட்டியோடு நிற்கும் கிரிஸ்லி, தன்னைக் காத்துக்கொள்ளத் தாக்குகிறது. அப்போது குப்புறப் படுத்து, கைகளைக் கழுத்தின் பின்புறம் கோத்து, கால்களை அகட்டி, முதுகுப்பையைக் கழற்றாமல், அசையாமல் கிடக்க வேண்டும். அது போய்விட்டது என்று உறுதியாகும்வரை எழக்கூடாது. கருங்கரடி தாக்கினால் செத்தவர் போலக் கிடக்காதீர்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு மூக்கிலும் கண்ணிலும் அடித்துப் போராடுங்கள். 1900 முதல் 2009 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் கருங்கரடிகளால் கொல்லப்பட்ட 63 பேரின் சம்பவங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு அருகில் இரை தேடிய தாக்குதல்கள் என்று கண்டார்கள். பெரும்பாலானவர்கள் தனியாகவோ இருவராகவோ இருந்தவர்கள். அல்கான்குவினில் 1991-ல் ஓப்பியாங்கோ ஏரித் தீவொன்றில் ஓர் இணையர் இறந்ததும் அவ்வகைத் தாக்குதலில்தான். சத்தமின்றிப் பின்தொடர்ந்து வரும் கரடி எதுவானாலும், கூடாரத்துக்குள் வரும் கரடி எதுவானாலும், எதிர்த்து அடிக்க வேண்டும்.

இரவில் கரடி வந்து போனால்

இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். 2021 ஜூலையில் மொன்டானாவின் ஓவாண்டோ என்ற சிற்றூரில், சைக்கிளில் நெடும்பயணம் வந்தவர்கள் ஊருக்குள்ளேயே கூடாரம் அடித்திருந்தார்கள். பின்னிரவில் கிரிஸ்லி வந்தது. விழித்துக்கொண்டு விரட்டினார்கள், கூடாரத்திலிருந்த உணவை அப்புறப்படுத்தினார்கள், மீண்டும் படுத்தார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் அது திரும்பி வந்து, அவர்களில் ஒரு பெண்ணைக் கூடாரத்திலிருந்து இழுத்துக் கொன்றது. விரட்டியதும் உணவை எடுத்து வைத்ததும் சரியே. திரும்பப் படுத்ததுதான் உயிரை வாங்கியது.

கரடி ஒருமுறை கூடாரத்தை நெருங்கிவிட்டால் அந்த இரவு அந்தக் கூடாரத்தில் முடிந்தது. சத்தமிட்டு, அலாரம் அடித்து, விரட்டிவிட்டு, எல்லோரும் காருக்குள் ஏறுங்கள். அக்கம்பக்கத்து மனைகளை எழுப்புங்கள். தூக்கத்தைக் கெடுத்துவிட்டோமே என்ற கூச்சம் வேண்டாம். காப்பாளரை அழையுங்கள். கூடாரமும் பொருள்களும் அங்கேயே கிடக்கட்டும், வெளிச்சம் வந்தபின் எடுத்துக்கொள்ளலாம். கார் எட்டாத உட்காடானால், குழு முழுவதும் ஒரே இடத்தில் சேர்ந்து, விளக்கும் ஸ்பிரேயும் கையுமாக விடியும்வரை விழித்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் நடக்கக்கூடியது உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 2023 செப்டம்பரில் பான்ஃப் பூங்காவில் காட்டனுபவம் மிகுந்த ஓர் இணையர் கிரிஸ்லியால் கொல்லப்பட்டார்கள். உணவை முறைப்படி தொங்கவிட்டிருந்தார்கள், ஸ்பிரேயும் பயன்படுத்தியிருந்தார்கள். கரடி வயதானது, பற்கள் சிதைந்திருந்தன. செயற்கைக்கோள் கருவியில் உதவி கேட்டு அவர்கள் அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்தது. வானிலையால் ஹெலிகாப்டர் பறக்க முடியாமல், மீட்புக் குழு தரைவழியாக நள்ளிரவுக்குப் பிறகே அங்கே சேர முடிந்தது. உட்காட்டில் உதவி என்பது மணிக்கணக்கில் தொலைவில் இருக்கிறது. முதன்முறை போகிறவர்கள், அதுவும் சிறு குழந்தைகளோடு, காப்பாளரும் இரும்புப் பெட்டியும் பக்கத்து மனையில் ஆட்களும் உள்ள முகாமில் தொடங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மனையைக் காலி செய்யும்போது

1967 ஆகஸ்டில், மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில், ஒரே இரவில், பல மைல் இடைவெளியில் இருந்த இரு முகாம்களில், இரண்டு வெவ்வேறு கிரிஸ்லிகள் 19 வயதுப் பெண்கள் இருவரைக் கொன்றன. அவற்றில் ஓரிடத்தில், கிரானைட் பார்க் விடுதியின் பின்புறம் உணவு மிச்சத்தைக் கொட்டி, கரடிகள் வந்து தின்பதை விருந்தினர் வேடிக்கை பார்ப்பது அந்நாளில் வழக்கமாக இருந்தது. கொட்டியவர்களுக்கும் வேடிக்கை பார்த்தவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே கூடாரம் இல்லாமல் திறந்த வெளியில் படுத்திருந்த பெண் அன்று வந்து தங்கியவள்.

நாம் விட்டுவிட்டுப் போகும் மிச்சத்தின் விலையை நமக்குப் பின் வருகிறவர் கொடுக்கிறார். ஆகவே கூடாரத்தை மடித்தபின் மனையை ஒருமுறை தரையோடு தரையாகப் பாருங்கள். மேசைக்கு அடியில், நெருப்புக் குழியில், கார் நின்ற இடத்தில். திராட்சைக் காம்பு, முட்டை ஓடு, சிப்ஸ் பொட்டலத்தின் கிழிந்த மூலை என்று ஒரு கைப்பிடியாவது கிடைக்கும். இரும்புப் பெட்டியின் உள்ளே கொட்டிய சர்க்கரையைத் துடைத்துவிடுங்கள். குப்பையைக் கரடி திறக்க முடியாத தொட்டியில் மட்டும் போடுங்கள்; தொட்டி நிறைந்திருந்தால் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகாமல், அடுத்த தொட்டிக்கோ வீட்டுக்கோ எடுத்துச் செல்லுங்கள்.

கரடியைப் பார்த்திருந்தால், சிறிய சம்பவமாயினும், கிளம்பும் வழியில் காப்பாளரிடம் சொல்லுங்கள். எந்த நேரம், எந்த மனை, எந்தத் திசையிலிருந்து வந்து எங்கே போனது, நிறம், குட்டி இருந்ததா, என்ன தின்றது, விரட்டியபோது உடனே போனதா இல்லை நின்று பார்த்ததா. நம் தவறால் ஏதாவது அதன் வாயில் போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அபராதத்துக்குப் பயந்து மறைத்த செய்திதான் அன்று மாலை அங்கே வரப்போகிற குடும்பத்துக்கு மிகவும் தேவையான செய்தி. சொன்னதை அவர் குறித்துக்கொண்டாரா என்று பாருங்கள். எச்சரிக்கைப் பலகை வைப்பார்களா, மனையை மூடுவார்களா என்று கேளுங்கள்.

நீங்கள் வெளியே வரும்போதே அடுத்த கார் அந்த மனைக்காகக் காத்து நின்றால், கண்ணாடியை இறக்கச் சொல்லி அவர்களிடமும் நேரில் சொல்லிவிடுங்கள்.